ஓவனுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை அன்று சாயங்காலம், ஆவடி மார்க்கெட்டில் வாங்கிய க்ரீம் டப்பாக்களோடு வீட்டுக்குள் நுழைந்த என் மகள் ரம்யா, வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் வாழை இலை. இலையில் பொரி, பொட்டுக்கடலை, அவல், வெல்லம், பழம். இடது பக்கம் எங்கள் வீட்டுக்காரரின் டூல்ஸ் பெட்டி, எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. வலது பக்கம், மணைப்பலகையின் மேல், அவளுடைய கேக் ஓவன். அதன் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். கண்ணாடிக் கதவின் கைப்பிடியில் சாமந்திச் சரம். ஒயரை அழகாகச் சுருட்டி வைத்து, பிளக்குக்கும் தனியாக ஒரு பொட்டு.

“அம்மா! யாரைக் கேட்டு இதை இங்க தூக்கி வெச்சீங்க?”

நான் தூக்கவில்லை. தூக்கியவர் கையில் பூஜை மணியோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஆனால் அவர் திரும்பியது அவள் பக்கம் இல்லை, என் பக்கம்.

“அதுகிட்ட சொல்லு. பூஜையில வெச்ச சாமான நாளிக்கு மறுபூஜை முடியற வரிக்கும் தொடக் கூடாது.”

“அவர்கிட்ட சொல்லும்மா. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆர்டர் குடுக்கணும். இன்னைக்கே ஸ்பாஞ்ச் போட்டாத்தான் முடியும்.”

இருவருக்கும் நடுவில், பாதி பின்னிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு நான். இந்தத் தொடரைப் படிக்கும் வாசகி ஒருவர், ‘பிள்ளைகள் வளர்ந்த பிறகு பண்டிகை விடுமுறையை எப்படி அமைதியாகக் கழிக்கிறீர்கள்?’ என்று கேட்டு எழுதியிருந்தார். இப்படித்தான், வாசகி அம்மா, கழிக்கிறோம்.

வீட்டிலிருந்தே வேலை

நான் போட்டிருந்த திட்டம் என்னவோ அமைதியானதுதான். பூஜையோடு சேர்ந்து நாலைந்து நாள் லீவு. நான் குரோஷா பின்னுவேன். ரம்யா கேக் போடுவாள். இவர் இரண்டையும் குறை சொல்லிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். பட்டாபிராமில் ரயில் சத்தம் தவிர வேறு சத்தம் எதற்கு?

ஆனால் வீட்டில் சில மாதங்களாகவே ஒரு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ரம்யா கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு வந்து, வீட்டில் கேக் செய்து விற்க ஆரம்பித்திருந்தாள். வேலையை விட்டுவிடுகிறாளா, திரும்பி வருகிறாளா என்று திங்கட்கிழமை கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்கிற ஜாதி இல்லை இவர். அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். வெளியில் யாராவது கேட்டால், “பொண்ணுக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம்” என்பார். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. அவள் வீட்டிலிருந்துதானே வேலை செய்தாள்.

ரம்யாவுக்கு வேண்டியது அனுமதி இல்லை. இந்த வயதில் யார் அப்பாவிடம் அனுமதி கேட்கிறார்கள்? ஒரு வார்த்தை பேசினால் போதும் அவளுக்கு. “மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கிற வீட்டுல என்னால கேக் போட முடியாதும்மா. இவர் இப்படியே இருந்தா திங்கட்கிழமை கம்பெனிக்கே திரும்பி வரேன்னு சொல்லிடப் போறேன்” என்று என்னிடம் சொல்லியிருந்தாள். சொல்லும்போது அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பின்னலிலிருந்து தப்பியவை

குரோஷா எனக்கு வந்தது குவார்ட்டர்ஸில். இவர் ஆவடிப் பக்கம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் இரும்பைக் கடைகிற லேத் மிஷின் ஓட்டுகிற டர்னராக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகுதான் பட்டாபிராமில் இந்தச் சொந்த வீடு. குவார்ட்டர்ஸில் ஒரே வரிசையில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாவும் இருக்கும். எதிர்வீட்டுக் கோயம்புத்தூர்க்காரம்மா ஒரு கொக்கி ஊசியைக் கையில் கொடுத்து, சங்கிலித் தையல் சொல்லித் தந்தார். அதன் பிறகு நான் நிறுத்தவே இல்லை.

டிவிக்கு உறை பின்னினேன். ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு, தண்ணீர் ஃபில்டருக்கு, ரிமோட்டுக்கு, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை மாதிரி ஒன்று. எங்கள் வீட்டில் என் பின்னலிலிருந்து தப்பியவை இரண்டுதான். ஒன்று சீலிங் ஃபேன், இன்னொன்று வீட்டுக்காரர்.

ரம்யா பள்ளிக்கூடம் போன காலத்தில் தோழிகளைக் கூட்டிவருவதற்கு முன்னால் அந்த உறைகளையெல்லாம் கழற்றி ஒளித்து வைப்பாள். இப்போது அவளுடைய அதே தோழிகள் போனில் படம் அனுப்பி, “ஆன்ட்டி, இந்த மாதிரி ஒரு குட்டி டாப் பின்னித் தருவீங்களா?” என்று கேட்கிறார்கள். டிவிக்குப் போட்டால் பட்டிக்காடாம், உடம்பில் போட்டால் ஃபேஷனாம். நூல் அதே நூல்தான். கடையில் விலைதான் ஏறியிருக்கிறது.

அந்த லீவில் நான் பின்னிக்கொண்டிருந்தது ஓவனுக்கு ஓர் உறை. “அம்மா, அது தீப்பிடிச்சிக்கும்” என்றாள் ரம்யா. அணைத்து வைத்திருக்கும்போது போடுவதற்கு என்றேன். அன்றைக்கு அது அணைந்துதான் இருந்தது, ஆனால் உறை போட முடியவில்லை. மாலையும் பொட்டுமாக இருக்கிறதை எப்படி மூடுவது?

லேத்துக்கு மரியாதை

இவருடைய பூஜை எப்போதும் பெரிய கெடுபிடி. அதற்குக் காரணம் ஃபேக்டரிதான்.

அந்த நாட்களில் ஃபேக்டரிக்குள் குடும்பத்தை விடுவது வருஷத்தில் ஒருநாள், ஆயுத பூஜைக்கு மட்டும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கிரீஸ் வாசனைக்கு நடுவே நடந்து போவோம். ஒவ்வொரு மிஷினுக்கும் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருக்கும். ஃபோர்மேன் சார் சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் போவார், இவரும் மற்றத் தொழிலாளர்களும் பின்னால் போவார்கள்.

தன் லேத் அருகில் வந்ததும் இவர் நின்று, “இதான்” என்றார். கல்யாணமான புதிதில் தன் அண்ணனை எனக்கு அறிமுகம் செய்தபோதுகூட இவ்வளவு மரியாதை குரலில் இல்லை. குழந்தையாக இருந்த ரம்யா அதைத் தொடப் போனாள். சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அங்கே நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. ஷெட்டின் மூலையில் ஒரு பழைய டிரில்லிங் மிஷின் கிடந்தது. அது ஓடாது. அதற்கு யாரும் பொட்டு வைக்கவில்லை, எல்லோரும் தாண்டிப் போனார்கள். ஏன் என்று கேட்டதற்கு, “அது வேலைல இல்லியே” என்றார் இவர், ஓய்வு பெற்ற மனிதரைப் பற்றிச் சொல்வது போல. எங்கள் ஷெட்டு வழக்கம் அது. மற்ற இடங்களில் எப்படியோ தெரியாது.

கன்னியம்மாவின் யோசனை

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா வந்துவிட்டாள். சுண்டல் வாங்க வந்ததாகச் சொன்னாள். அவளுடைய அப்பா காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் வயல், அதில் கூலி வேலை. இப்போது அவள் ஒரு கம்பெனி கேன்டீனில் இருக்கிறாள். எங்கள் தெருவுக்குச் செய்தித்தாளும் அவள்தான்.

“இன்னாக்கா, ஊட்ல ஒரே சவுண்டா கீது?”

சொன்னேன். கன்னியம்மா ஓவனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு ரம்யாவிடம், “இதுக்கா பாப்பா அழுவுற? குக்கர்ல உப்பக் கொட்டி, மேல தட்ட வெச்சி மூடிடு. நான்லாம் அப்டிதான் சுட்டுகினு கீறேன்” என்றாள்.

“பெரிய கேக்கு, அக்கா. குக்கர்ல அடங்காது.”

“அப்போ ரெண்டு குக்கரு!”

ரம்யா சிரிக்கவில்லை. திருமுல்லைவாயிலில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். அவள் இதுவரை வாங்கியதிலேயே பெரிய ஆர்டர். இது சொதப்பினால் இவர் பேசாமலேயே ஜெயித்துவிடுவார். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது. கன்னியம்மா ஒரு கிண்ணம் சுண்டலை வாங்கிக்கொண்டு போனாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாசலுக்குப் போனேன். இவர் ஸ்கூட்டரில் குட்டி வாழைக்கன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“வேணும்னேதானே பண்ணீங்க? அவ ஆர்டர் கெட்டுப் போகட்டும்னுதானே?”

சணல் கயிற்றைக் கீழே போட்டார். “இன்னாடி பேசற? ஆர்டர் கீதுன்னு எனக்கு யாரு சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லைதான். ஆனால் அதை ஒப்புக்கொள்கிற மனநிலையில் நான் இல்லை. அதனால் வேறு பக்கம் போனேன். மத்தியானத்திலிருந்தே என்னை அரித்துக்கொண்டிருந்த விஷயம் அது.

“தண்ணி மோட்டாருக்குப் பொட்டு வெச்சீங்க. மிக்சிக்கு வெச்சீங்க. அருவாமணைக்கு வெச்சீங்க. என் குரோஷா ஊசிக்கு ஏன் வெக்கல?”

“எந்த ஊசி? அதுவா? அது சும்மா பொழுது போவறதுக்கு வெச்சிக்கினு கீற. அதுக்கு இன்னாத்துக்குப் பொட்டு?”

“அப்ப ஓவனுக்கு மட்டும்?”

குனிந்து கயிற்றை எடுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் வாழைக்கன்றிடம் சொல்கிற மாதிரி சொன்னார். “ஓவன் அப்டியா? அது சோறு போடற சாமான். அத்த வெளிய வுட்டுட்டு என் ஸ்பானருக்கு மட்டும் பொட்டு வெச்சா நல்லாவா இருக்கும்?”

ஒரே மூச்சில் எனக்கு அடி, மகளுக்கு மாலை. இத்தனை வருஷப் பின்னல் பொழுதுபோக்கு, நேற்று வந்த ஓவன் சோறு போடும் சாமான். வயிறு எரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் எப்படி ஒரே நேரத்தில் தாங்குவது என்று தெரியாமல் உள்ளே ஓடினேன்.

“‘சோறு போடற சாமான்’னா சொன்னாரு?” என்றாள் ரம்யா.

“அப்படியேதான் சொன்னாரு.”

“நீயா சேர்த்துச் சொல்றியாம்மா?”

“நான் சேர்க்கறதா இருந்தா என் ஊசியையும் சேர்த்திருக்க மாட்டேனா?”

அவள் ஓவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அதை என்கிட்ட சொன்னா என்ன?” என்றாள். ஆனால் ஓவனைத் தொடவில்லை. அன்று எங்கள் வீட்டில் வேலை செய்யத் தடையில்லாத ஒரே கருவி என் ஊசிதான். அது கருவியே இல்லை என்று தீர்ப்பாகிவிட்டதால், நான் தாராளமாகப் பின்னினேன்.

காகத்துக்கு முன்னால்

மறுபூஜை என்றால் ஊரில் எல்லோரும் குளித்து, இட்லி ஊற்றி, நிதானமாகச் செய்வார்கள். எங்கள் வீட்டில் காகம் கத்துவதற்கு முன்பே மணிச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் கற்பூர வாசனை. இவர் குளித்து, விபூதி பூசி, ஓவனின் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். தானே தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறை மேஜையில் வைத்து, பிளக்கைச் சொருகி, சுவிட்சைத் திருகினார்.

“சூடு ஏறிகினு கீதுன்னு சொல்லு” என்றார் என்னிடம்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரம்யா தலையை முடிந்துகொண்டே வந்துவிட்டாள். அதன் பிறகு வீட்டில் ஃபேக்டரிதான். முட்டை அடிக்கும் சத்தம், கற்பூரத்தின் மேல் வெனிலா வாசனை, ஸ்பாஞ்சை ஆற வைக்க டேபிள் ஃபேன். க்ரீம் பூசி, மேலே ரோஜாப்பூக்கள் வைத்து முடித்தபோது நேரம் ஆகிவிட்டது. பண்டிகைக் காலையில் பார்சல் கொண்டுபோகிற பையன்கள் ஒருத்தரும் கிடைக்கவில்லை.

“நான் எடுத்துனு போறேன்னு சொல்லு.”

பூசணிக்காய்களுக்கு நடுவே

ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் பக்கத்து ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். கடைக்குக் கடை உடைத்த பூசணிக்காய், குங்குமத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். அதில் சக்கரம் ஏறினால் சறுக்கும். பின்சீட்டில் நான், மடியில் கேக் பெட்டி. கல்யாண ஊர்வலக் கார் போல அத்தனை மெதுவாக ஓட்டினார்.

திருமுல்லைவாயில் வீட்டில் கதவைத் திறந்தவரைப் பார்த்து நாங்கள் இருவரும் ஒருசேர விழித்தோம். அதே ஃபோர்மேன் சார்தான், தலை முழுக்க நரைத்து. பேரனுக்குப் பிறந்தநாளாம். ஆர்டர் கொடுத்தது மருமகளாம்.

“அட, நீயா? உள்ள வாப்பா!”

இவர் உட்காரவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, பெட்டியை மேஜையில் வைத்து, “தொறந்து பாத்துக்குங்க சார்” என்றார். ஃபேக்டரியில் சாமானை முடித்து இன்ஸ்பெக்ஷனுக்கு வைத்துவிட்டு நிற்கிற அதே நிலை. பெட்டியைத் திறந்தார்கள். குழந்தை கூச்சலிட்டது. மருமகள் கைதட்டினாள். இவர் மட்டும் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேக்கைப் பக்கவாட்டில் பார்த்தார். முகம் சுருங்கியது.

கேக் போட்டது எங்கள் ரம்யாதான் என்று நான் சொன்னேன். “பொண்ணு பெரிய கம்பெனியிலதானே இருக்குது?” என்றார் ஃபோர்மேன் சார். “லீவுல பொழுது போகாம இதெல்லாம் பண்ணுதா?”

நான் இவரைப் பார்த்தேன். இவர் கையைக் கைக்குட்டையில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

“ஆமா சார். லீவுல… சும்மா.”

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம்தான். என்னைச் சொன்னதைப் பொறுத்துக்கொண்டேன். என் ஊசி பொழுதுபோக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும். விடியற்காலையில் எழுந்து முட்டை அடித்தவளைப் போய் ‘சும்மா’ என்று ஒரு மனிதரால் எப்படிச் சொல்ல முடிகிறது? இவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். வெட்கம், கௌரவம், பழைய மேலதிகாரி முன்னால் தலைகுனிவு என்று நானே ஒவ்வொரு காரணமாக நினைத்துக்கொண்டு வந்தேன். ரம்யாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை முடிவு தெரிந்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஒரு நூல்

ரம்யா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், சமையலறை வாசலில் நின்று இவர் சொன்னார்.

“எடப்பக்கம் சாஞ்சி கீது.”

அவளைப் பார்த்துச் சொன்னார். என்னிடம் இல்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

“என்னப்பா?” என்றாள்.

“கேக்கு. எடப்பக்கம் ஒரு நூலு எறங்கி கீது. அப்டியே எடுத்துனு போயி ஃபோர்மேன் முன்னாடி வெச்சிட்டு நின்னேன். மானம் போச்சி.”

நூல் என்றால் என் குரோஷா நூல் இல்லை, ஃபேக்டரிக் கணக்கில் அரைக்கால் அங்குலம். ஸ்கூட்டரில் வரும் வழியெல்லாம் இவரை அரித்தது இதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மகள் கேக் விற்பதில் இல்லையாம் வெட்கம், அது லெவலாக இல்லாததில்தானாம்; அதனால்தான் அந்த ‘சும்மா’.

“ஓவனே சாஞ்சுதான்பா நிக்குது” என்றாள் ரம்யா. “மேஜைக்கால் சரியில்ல. ரொம்ப நாளா உங்ககிட்ட சொல்லச் சொல்லி அம்மாகிட்ட சொல்லிட்டிருக்கேன்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் பின்னலைப் பார்த்தேன்.

இவர் போய் ரசமட்டத்தை எடுத்துவந்து ஓவன் மேல் வைத்தார். உள்ளே குமிழி ஒரு பக்கமாக ஓடி ஒட்டிக்கொண்டது. தரையில் மண்டியிட்டார். “தூக்கு” என்றார். அவள் ஓவனை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தாள். “இன்னும் கொஞ்சம். போதும், வுடு. தூக்கு.” அட்டையை மடித்து ஓவனுக்கு அடியில் வைத்துப் பார்த்தார், எடுத்தார், இன்னும் மெல்லிசாக மடித்தார்.

“அடுத்தது எப்போ?”

“ஞாயித்துக்கிழமைப்பா. ரெண்டு கேக்.”

“அதுக்குள்ள இரும்புல ஒண்ணு ராவித் தரேன். அட்டை தாங்காது.”

ஓவனைப் பிடித்திருந்த கையை எடுக்க முடியாததால், கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள் ரம்யா.

அந்த நேரம் பார்த்துச் சுண்டல் கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தாள் கன்னியம்மா. வந்தவள் சும்மா போவாளா?

“இன்னா அண்ணாத்தே, லீவு முடியப் போவுதே. பாப்பா எப்போ வேலைக்குப் போவுது?”

தெருவுக்கே போய்ச் சேரப்போகிற பதில் அது. ரம்யாவின் கை அசையாமல் நின்றது. நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். இவர் கன்னத்தை மேஜையோடு ஒட்டிவைத்து, ஒரு கண்ணால் குமிழியைப் பார்த்தபடியே இருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“தோ, வேலையிலதான் கீது, தெரியல?” என்றார். “கிண்ணத்த அங்க வெச்சிட்டுப் போ. வேலை நேரத்துல பேச்சுக் குடுக்காத.”